எஃப்எஸ்எச் ஒரு முறை 38, அடுத்த முறை 7: வயதாவது சினைப்பைக்கா, மூளைக்கா?

வானதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியை. போன வருடம் வரை 28 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வந்த பீரியட்ஸ், முதலில் 24 நாளாகச் சுருங்கியது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு மேல் வரவே இல்லை. அந்தச் சமயத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் 38. "மெனோபாஸ் நெருங்கிவிட்டது, இனி வராமலே போகலாம்" என்றார் மருத்துவர்.

அடுத்த சில வாரங்களில் பீரியட்ஸ் வந்தது, அதுவும் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக. பயந்துபோய் வேறொரு மருத்துவரிடம் போனேன். பீரியட்ஸின் மூன்றாம் நாள் திரும்ப டெஸ்ட் எடுத்தார். எஃப்எஸ்எச் 7, ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரடையால் 240. "எல்லாம் நார்மல்" என்றார். ஒரே உடம்பு, இரண்டு மாத இடைவெளி. எதை நம்புவது? ஏதோ ஒரு லேப் தவறு செய்திருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் தலைமை மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் என்று படித்தேன். அப்படியானால் தளர்வது என் சினைப்பையா, மூளையா? ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழித்துக்கொள்கிறேன். வகுப்பில் நன்றாகத் தெரிந்த மாணவியின் பெயர் வாயில் வர மறுக்கிறது. மூளைதான் வயதாகிறது என்றால், இது மறதி நோயின் தொடக்கமோ என்ற பயம் என்னை விடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூங்குழலி எழுதியது:

இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால் ஒரு லேப் கண்டிப்பாகத் தவறுதான். மூன்றாவது இடத்தில் எடுத்துப் பாருங்கள். அதோடு மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் வானதி. டென்ஷன்தான் ஹார்மோன் கோளாறுக்கெல்லாம் காரணம். டென்ஷன் குறைந்தால் எஃப்எஸ்எச் தானாக இறங்கும்.

உடலியல் ஆசிரியை எழுதியது:

வானதி, நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் நடத்துகிறேன். ஹார்மோன் பாடம் பல வருடங்களாக என் பொறுப்பு. நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருவது என் வேலை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது உடம்பு எப்படி இயங்குகிறது என்ற கேள்வி, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

இரண்டு லேபும் சரியாகவே சொல்லியிருக்கலாம். உங்கள் ரிப்போர்ட்டில் எல்லோரும் 38-ஐயும் 7-ஐயும்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த 240-ஐ. அதற்கு வருகிறேன், முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்எச் என்ற சின்னஞ்சிறு ஹார்மோனைச் சுரக்கிறது. பத்தே அமினோ அமிலங்கள். அது மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி எஃப்எஸ்எச், எல்எச் இரண்டையும் ரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பைக்குப் போய், அதற்குள் முட்டையைச் சுற்றியிருக்கும் சிறு பையான முட்டைப்பையை வளர்க்கின்றன. வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரடையாலையும் இன்ஹிபின் பி என்ற இன்னொன்றையும் சுரந்து, "போதும், குறைத்துக்கொள்" என்று மேலே தகவல் அனுப்புகிறது. மேலே இருந்து கட்டளை மட்டும் வருவதில்லை. கீழிருந்து பதிலும் போகிறது. ஹைப்போதலாமஸைத் "தலைமை" என்று சொல்லி நிறுத்திவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இந்த ஜிஎன்ஆர்எச்சின் அமைப்பு 1971-இல் தெரியவந்தது. ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளையிலிருந்தும், ரோஜர் கில்லமின் ஆடுகளின் மூளையிலிருந்தும், மலைபோல் திசுக்களைச் சேர்த்துத் துளித்துளியாகப் பிரித்தெடுத்தார்கள். 1977-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தப் பரிசின் மறுபாதி ரோசலின் யாலோ என்ற பெண்மணிக்குப் போனது, ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவு ஹார்மோனையும் அளக்கும் முறையை உருவாக்கியதற்காக. உங்கள் கையில் இருக்கும் 38, 7 இரண்டும் அந்த வழியில் வந்த எண்கள்தான். இதை வகுப்பில் நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அளக்கத் தெரியாத காலத்தில் இந்தப் பெண்களின் அவஸ்தை எல்லாம் "நரம்புத் தளர்ச்சி" என்ற ஒரே பெட்டிக்குள் போடப்பட்டது.

ஜிஎன்ஆர்எச் தொடர்ந்து ஒழுகுவதில்லை, விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது. எர்னஸ்ட் நோபில் என்பவர் 1970-களில் குரங்குகளில் இதைக் காட்டினார். மணிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் விழுந்துவிட்டன. பெண்களுக்குச் சுழற்சியின் முதல் பாதியில் ஏறக்குறைய மணிக்கொரு துடிப்பு, முட்டை வெளியான பிறகு இன்னும் மெதுவாக. இந்தத் தாளத்தைத்தான் மூளை பார்த்துக்கொள்கிறது. வயதானால் இதில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி.

உங்கள் எண்களுக்கு வருவோம். நாற்பதுகளில் முட்டைப்பைகளின் கையிருப்பு குறைகிறது. பிறக்கும்போது பத்து லட்சத்துக்கும் மேல் இருப்பது, பூப்படையும் வயதில் சில லட்சமாகி, மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஆயிரம் அளவில் வந்து நிற்கிறது. கையிருப்பு குறையும்போது முதலில் விழுவது இன்ஹிபின் பி. ஈஸ்ட்ரடையால் அப்போதும் நன்றாகவே இருக்கும். இன்ஹிபின் என்ற தடை விலகியதும் எஃப்எஸ்எச் ஏறுகிறது. ஏறிய எஃப்எஸ்எச் மிச்சமிருக்கும் முட்டைப்பையை அவசரமாக வளர்க்கிறது. அதனால் சுழற்சியின் முதல் பாதி சுருங்குகிறது. உங்களுக்கு 28 நாள் 24 ஆனது இப்படித்தான்.

பிறகு ஒரு கட்டத்தில் எந்த முட்டைப்பையும் பதில் சொல்லவில்லை. பீரியட்ஸ் வரவில்லை. காது மந்தமானவரை அழைப்பதுபோல் பிட்யூட்டரி குரலை உயர்த்திக்கொண்டே போனது, 38 வரை. அப்புறம் ஒன்றோ இரண்டோ முட்டைப்பைகள் விழித்துக்கொண்டு வேகமாக வளர்ந்தன. பீரியட்ஸின் மூன்றாம் நாளிலேயே ஈஸ்ட்ரடையால் 240 இருப்பது வழக்கமில்லை. முந்தைய சுழற்சி முடியும் முன்பே அடுத்த முட்டைப்பை வளரத் தொடங்கியிருக்கிறது என்றுதான் நான் அதைப் படிப்பேன். அவ்வளவு ஈஸ்ட்ரடையால் மேலே போனதும் எஃப்எஸ்எச் 7-க்கு அடங்கிவிட்டது. ஆக, 7 என்பது "எல்லாம் நார்மல்" என்பதற்கான சான்று இல்லை, 38 என்பது "முடிந்தது" என்பதற்கான சான்றும் இல்லை. 45 வயதுக்கு மேல் இந்த மாற்றத்தைக் கண்டறிய எஃப்எஸ்எச் டெஸ்ட்டை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு சொல்வதற்கும் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான்.

பூங்குழலி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. கடுமையான மன அழுத்தமும் பட்டினியும் அளவுக்கு மீறிய உடற்பயிற்சியும் ஜிஎன்ஆர்எச் துடிப்பை அடக்கும், பீரியட்ஸ் நின்றுபோகும். ஆனால் அப்போது எஃப்எஸ்எச் குறைவாகவோ சாதாரணமாகவோ இருக்கும், ஏறாது. மூளை சோர்ந்து கைவிட்டிருந்தால் 38 என்ற எண் வரவே வராது. உங்கள் மூளை அன்று முழு பலத்தோடு வேலை செய்துகொண்டிருந்தது, வானதி. டென்ஷனைக் குறைத்தால் தூக்கத்துக்கு நல்லது. முட்டைப்பைக் கையிருப்பு அதனால் திரும்பாது.

சரி, அப்படியானால் மூளைக்கு வயதாவதே இல்லையா? ஆகிறது, ஆனால் மனிதர்களில் அது இரண்டாவது கதை. எலிகளில்தான் அது முதல் கதை. வயதான எலியின் சினைப்பையை எடுத்து, சினைப்பை அகற்றப்பட்ட இளம் எலிக்குள் வைத்தால் சுழற்சி திரும்ப நடக்கிறது. இளம் சினைப்பையை வயதான எலிக்குள் வைத்தால் பெரும்பாலும் நடப்பதில்லை. எலிக்கு மூளைதான் முதலில் தவறுகிறது. "மூளைதான் காரணம்" என்று பொதுவாக எழுதப்படும் பலவற்றின் வேர் இந்த எலி ஆய்வுகள். பெண்களில் முட்டைப்பை தீர்வதுதான் முதல் காரணம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எழுதுபவர்கள்மீது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் அதைப் படித்துப் பயப்படுகிறார்கள்.

ஆனாலும் பெண்களின் மூளையும் மாறுகிறது, அதற்குச் சான்று இருக்கிறது. மாதத்தின் நடுவில் ஈஸ்ட்ரடையால் உச்சத்துக்கு ஏறும்போது, மூளை அதை "நிறுத்து" என்று எடுத்துக்கொள்ளாமல், எல்எச்சை ஒரே அலையாகக் கொட்ட வேண்டும். அந்த அலையில்தான் முட்டை வெளியாகும். அமெரிக்காவில் ஸ்வான் என்ற நீண்டகால ஆய்வில், இந்த வயதுப் பெண்கள் தினமும் சிறுநீர் மாதிரி கொடுத்தார்கள். 2004-இல் வெளியான முடிவில், முட்டை வெளியாகாத சில சுழற்சிகளில் ஈஸ்ட்ரோஜன் நன்றாக ஏறியும் எல்எச் அலை எழவே இல்லை. அவர்களில் முட்டைப்பை தன் பங்கைச் செய்திருக்கிறது, மேலே கேட்கவில்லை. முட்டை வெளியாகாவிட்டால், கருப்பையின் உட்சுவரைக் கட்டுக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் கிடையாது. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடித்துக்கொண்டே போக, கடைசியில் அது மொத்தமாக உதிர்கிறது. உங்களுக்கு வந்த அந்தப் பெரிய உதிரப்போக்குக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். அளவு மீறிய உதிரப்போக்கை மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நின்று வருடங்கள் போன பிறகு இன்னொரு மாற்றம் தெரிகிறது. அப்போது சினைப்பையின் குறுக்கீடு இல்லை. எஃப்எஸ்எச் பத்து மடங்குக்கு மேலும் எல்எச் சில மடங்கும் ஏறி நிற்கின்றன. எழுபதுகளில் அவை மெல்ல இறங்குகின்றன. ஜேனட் ஹால் என்ற ஆய்வாளர் மாதவிடாய் நின்ற பெண்களில் வயது குறைந்தவர்களையும் எழுபது தாண்டியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வயது கூடினால் ஜிஎன்ஆர்எச் துடிப்பின் வேகமே குறைவது தெரிந்தது. இதுதான் கலப்படமில்லாத மூளை முதுமை. அது வரும்போது பீரியட்ஸ் நின்று இருபது வருடம் ஆகியிருக்கும்.

இனி அந்த ராத்திரி வியர்வை. இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைத்த பகுதி இது. நவோமி ரான்ஸ் என்பவர் இறந்த பெண்களின் ஹைப்போதலாமஸை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மாதவிடாய் நின்றவர்களிடம் ஒரு சிறு பகுதியில் இருந்த நரம்பு செல்கள் பெரிதாகி இருந்தன. 1990-ஐ ஒட்டி அவர் இதை வெளியிட்டார். முதுமை என்றால் செல்கள் சுருங்கிச் சாவது என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே அவை பருத்திருந்தன, ஈஸ்ட்ரோஜன் தடை இல்லாமல் ஓயாமல் வேலை செய்ததால். கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி என்ற இரண்டையும் சுரக்கும் செல்கள் அவை. ஜிஎன்ஆர்எச் தாளத்தைப் போடுவதும் இதே செல்கள்தான்.

அவற்றின் நரம்பிழைகள் உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதிக்கும் போகின்றன. ஓயாத நியூரோகைனின் பி அந்தப் பகுதியையும் சீண்டுகிறது. சூடு துளி ஏறினாலும் மூளை அவசரமாகத் தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டுகிறது. இப்படி உடம்பு திடீரென்று கொதிக்கும் ஹாட் ஃப்ளாஷும் எல்எச் துடிப்பும் ஒரே நேரத்தில் வருவதை 1979-லேயே கவனித்துவிட்டார்கள். எல்எச்தான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் பிட்யூட்டரியே அகற்றப்பட்ட பெண்களுக்கும் ஹாட் ஃப்ளாஷ் வந்தது, ஆகவே ஊற்று அதற்கும் மேலே இருந்தாக வேண்டும். 2015-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், மாதவிடாய் நிற்காத ஆரோக்கியமான பெண்களுக்கு நியூரோகைனின் பி-யை ரத்தத்தில் ஏற்றியபோது அவர்களுக்கும் ஹாட் ஃப்ளாஷ் வந்தது. நியூரோகைனின் பி செல்லில் போய்ப் பொருந்தும் இடமான ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹார்மோன் இல்லாத மருந்து. மார்பகப் புற்றுநோய் போன்ற காரணங்களால் ஈஸ்ட்ரோஜன் எடுக்கக்கூடாதவர்களுக்கு இப்படி ஒரு வழி திறந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கல்லீரலை அரிதாகப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை இருப்பதால் ரத்தப் பரிசோதனையோடுதான் அதைத் தருகிறார்கள்.

கடைசியாக, மாணவியின் பெயர். ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் நினைவுக்குப் பொறுப்பான பகுதிகளிலும் இருக்கின்றன. ஸ்வான் ஆய்வில் இதே பெண்களை வருடக்கணக்கில் சோதித்தபோது, இந்த மாற்றக் காலத்தில் புதிதாகக் கற்கும் திறன் சற்றுத் தேங்கியது, மாதவிடாய் நின்ற பிறகு பழையபடி மேலே வந்தது. அதோடு ராத்திரித் தூக்கம் உடைந்தால் யாருக்கும் பெயர் மறக்கும். பெயர் தாமதமாக வருவது வேறு, தினமும் போகும் வழி தெரியாமல் நிற்பது வேறு. இரண்டாவது வகை இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு 52-இல் நின்றது. வகுப்பு நடுவில் முகம் சிவந்து வியர்க்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் தொடர்வேன். முன்வரிசை மாணவிகளிடம் அது என்ன என்பதையும் வெளிப்படையாகச் சொல்வேன். நாளைக்கு அவர்களிடம் வரும் பெண்ணை "வயசாச்சு, அப்படித்தான்" என்று அவர்கள் திருப்பி அனுப்பக்கூடாது.

வானதி எழுதியது:

மேடம், இரண்டு முறை படித்தேன். என் மூளை முழு பலத்தோடு வேலை செய்தது என்ற வரியில் அழுதுவிட்டேன். ஸ்கேனுக்கு நேரம் வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எஃப்எஸ்எச் திரும்ப எடுக்க வேண்டுமா? 38 வந்தபோது இனி கர்ப்பம் பற்றிய கவலை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன், அது சரியா?

உடலியல் ஆசிரியை எழுதியது:

எஃப்எஸ்எச் திரும்ப வேண்டாம், நாளைக்கு இன்னொரு எண்தான் வரும். அதற்குப் பதில் தைராய்டு டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் கேளுங்கள். தைராய்டு கோளாறும் இதே மாதிரி வியர்வையும் மறதியும் ஒழுங்கற்ற பீரியட்ஸும் தரும். அவ்வளவு உதிரப்போக்குக்குப் பிறகு ரத்தசோகை இருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கர்ப்பம் பற்றிய கவலை இருக்கத்தான் வேண்டும். ஈஸ்ட்ரடையால் 240 என்றால் ஒரு முட்டைப்பை உயிரோடு வளர்ந்திருக்கிறது. வாய்ப்பு குறைவு, பூஜ்யம் இல்லை. கடைசி பீரியட்ஸுக்குப் பிறகு 50 வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டு வருடமும், மேலே இருந்தால் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடரச் சொல்வது வழக்கம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்றே கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இளமாறன் எழுதியது:

மேடம், இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் மனைவிக்கு 36 வயதுதான். ஐந்து மாதமாக பீரியட்ஸ் இல்லை, எஃப்எஸ்எச் 52. நீங்கள் சொன்னபடி ஏறி இறங்கும் என்று காத்திருக்கலாமா?

உடலியல் ஆசிரியை எழுதியது:

காத்திருக்க வேண்டாம் தம்பி. மேலே எழுதியது 45 தாண்டியவர்களுக்கு. 40-க்குக் கீழே பீரியட்ஸ் நின்று எஃப்எஸ்எச் 25-க்கு மேல் இருந்தால், சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்த வயதில் அந்த எண்ணுக்கு நிஜமாகவே கனம் உண்டு. இதிலும் இடையிடையே முட்டைப்பை விழிப்பது உண்டு, தானாகக் கருத்தரித்தவர்களும் சிலர் இருக்கிறார்கள், ஆகவே மனம் உடைய வேண்டாம். ஆனால் பல வருடங்கள் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜனை இழந்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அதனால் ஹார்மோன் எடுக்கக்கூடாத காரணம் எதுவும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதான 50 வரைக்கும் ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஹார்மோன் மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். குரோமோசோம் பரிசோதனை, தைராய்டு, எலும்பு அடர்த்தி ஸ்கேன் மூன்றும் தேவையா என்று கேளுங்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், சிகிச்சையின் வரிசையே அதை வைத்து மாறும்.